எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் ஐதரசன் சல்பைடு நீக்கம்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் ஐதரசன் சல்பைடு நீக்கம் என்பது, நிலத்தடியிலிருந்து கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நீர் ஆகியவற்றுடன் கலந்து வரும் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயுவைப் பிரித்து, தீங்கு செய்யாத நிலைக்கு மாற்றும் பணியாகும். கிணறு தோண்டும்போது தொடங்கும் இப்பணி, பிரிக்கப்பட்ட கந்தகம் விற்கப்படும் வரை அல்லது மீண்டும் நிலத்தடிக்கே அனுப்பப்படும் வரை தொடர்கிறது.

இந்த வாயு கலந்த எரிவாயு புளிப்பு எரிவாயு என்றும், அது நீக்கப்பட்ட எரிவாயு இனிப்பு எரிவாயு என்றும் எண்ணெய்த் தொழிலில் அழைக்கப்படுகின்றன. நீக்கும் பணிக்கு இனிப்பாக்கல் என்று பெயர். இச்சொற்களுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. ஐதரசன் சல்பைடு நீரில் கரையும்போது வலுக்குறைந்த அமிலமாகிறது என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

வாயுவின் இயல்பு

ஐதரசன் சல்பைடு மூலக்கூறு ஒன்றில் இரண்டு ஐதரசன் அணுக்களும் ஒரு கந்தக அணுவும் உள்ளன. இதற்கு நிறமில்லை. இது காற்றைவிட ஏறத்தாழ 1.19 மடங்கு அடர்த்தி கொண்டது. எனவே காற்று வீசாத நேரங்களில் பள்ளங்கள், குழிகள், தொட்டிகளின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தேங்கி நிற்கும். காற்றில் 4 முதல் 44 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். எரியும்போது கந்தக டை ஆக்சைடும் நீரும் உண்டாகின்றன.

பள்ளி ஆய்வகத்தில் கிப் கருவியைப் பயன்படுத்திய மாணவர்களுக்கு இதன் அழுகிய முட்டை நாற்றம் அறிமுகமானதே. இரும்பு சல்பைடின் மீது நீர்த்த அமிலத்தை ஊற்றினால் இவ்வாயு வெளிவரும். ஈய அசிட்டேட்டுக் கரைசலில் நனைத்த தாளைக் காட்டினால், ஈய சல்பைடு உண்டாகித் தாள் கறுக்கும்.

காற்றில் இதன் அளவு பிபிஎம் என்னும் அலகால், அதாவது பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று குறிக்கப்படுகிறது. உடலில் அது ஏற்படுத்தும் விளைவு அளவைப் பொறுத்து மாறுகிறது.

- 1 பிபிஎம் அளவை எட்டுவதற்கு முன்னரே பெரும்பாலோருக்கு நாற்றம் தெரியும்.
- 10 பிபிஎம் என்பது பல நாடுகளில் பணியிட எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்படுகிறது.
- 100 பிபிஎம் அளவில் கண், தொண்டை எரிச்சல் ஏற்படும். சில நிமிடங்களில் மூக்கு நாற்றத்தை உணரும் திறனை இழக்கும்.
- 500 முதல் 700 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் தள்ளாட்டமும் மயக்கமும் ஏற்பட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் உயிர் போகலாம்.
- 1000 பிபிஎம் அளவைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் நினைவிழந்து விழ நேரிடும். மரணம் மிக விரைவில் நிகழும்.

உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேசு என்னும் நொதியை இவ்வாயு முடக்குகிறது. இரத்தத்தில் ஆக்சிசன் இருந்தும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடியாமற் போகிறது.

மேலுள்ள பட்டியலில் கவனிக்க வேண்டிய செய்தி, ஆபத்து கூடும்போது நாற்றம் மறைந்துவிடும் என்பதே. நாற்றம் போய்விட்டதால் வாயுவும் போய்விட்டது என்று கருதுவது உயிருக்கே தீங்காக முடியும். அதனால் கிணற்றுப் பணியிடங்களில் மூக்கை நம்பாமல் கருவிகளைக் கொண்டே அளவிடுகின்றனர்.

நிலத்தடியில் தோன்றும் விதம்

எல்லா எண்ணெய்க் கிணறுகளிலும் இவ்வாயு இருப்பதில்லை. அது தோன்றுவதற்கு மூன்று முதன்மையான வழிகள் உள்ளன.

முதலாவது, வெப்பத்தால் நிகழும் சல்பேட்டு ஒடுக்கம். ஆழத்தில் உள்ள சுண்ணாம்புப் பாறைகளில் அன்ஐதரைட்டு எனப்படும் கால்சியம் சல்பேட்டுப் படிவுகள் கலந்திருப்பதுண்டு. வெப்பநிலை 100 முதல் 140 பாகை செல்சியசைத் தாண்டும்போது ஐதரோகார்பன்கள் சல்பேட்டுடன் வினைபுரிந்து ஐதரசன் சல்பைடைத் தருகின்றன. மிகுந்த செறிவுள்ள புளிப்பு வயல்கள் பெரும்பாலும் இவ்வழியில் உருவானவை. பிரான்சின் லாக் வயலில் எரிவாயுவின் ஏறத்தாழ 15 விழுக்காடும், அபுதாபியின் சா வயலில் ஏறத்தாழ 23 விழுக்காடும் ஐதரசன் சல்பைடே.

இரண்டாவது, பாக்டீரியாக்களின் செயல். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிசன் இல்லாத சூழலில், ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் வாழ்கின்றன. கடலடி வயல்களில் எண்ணெயை வெளித்தள்ளுவதற்காகக் கடல்நீரை உட்செலுத்துவது வழக்கம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு உள்ளது. இது அப்பாக்டீரியாக்களுக்கு உணவளிப்பது போலாகிறது. தொடக்கத்தில் தூய்மையாக இருந்த வயல் சில ஆண்டுகளுக்குப் பின் புளிப்பு வயலாக மாறுவது இதனால்தான்.

மூன்றாவது, எண்ணெயிலேயே உள்ள கந்தகச் சேர்மங்கள் வெப்பத்தால் சிதைதல்.

இரண்டாவது வகையில் வாயுவை நீக்குவதைவிட அது தோன்றாமல் தடுப்பதே எளிது. உட்செலுத்தும் நீரில் நைட்ரேட்டைச் சேர்த்தால், நைட்ரேட்டை ஒடுக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, சல்பேட்டு ஒடுக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு கிடைக்காமல் செய்கின்றன. வடகடலின் நார்வே, டென்மார்க்கு பகுதி வயல்களில் இம்முறை பின்பற்றப்பட்டுள்ளது. கடல்நீரை நுண்வடிகட்டிச் சவ்வின் வழியே செலுத்திச் சல்பேட்டை முன்னதாகவே அகற்றுவது மற்றொரு வழி.

துளையிடும்போது நீக்கம்

கிணறு தோண்டும்போது துளையிடு குழாயின் உள்ளே சேறு போன்ற நீர்மம் இறக்கப்பட்டு, குழாய்க்கு வெளியே மேலேறி வருகிறது. துளையிடு சேறு எனப்படும் இது பாறைத் துகள்களை மேலே கொண்டு வருவதுடன், தன் எடையால் நிலத்தடி வாயுவை அடக்கியும் வைக்கிறது. புளிப்பு வாயு உள்ள பாறையைத் துளைக்கும்போது முதற் காப்பு இந்தச் சேற்றின் எடையே. கிணற்றுக்குள் வாயு நுழையாவிட்டால் அதை நீக்க வேண்டிய தேவையே இல்லை.

சிறிதளவு நுழைந்துவிட்டால் இரண்டு வேதி முறைகள் கைகொடுக்கின்றன. முதலாவது, சேற்றைக் காரமாக வைத்திருத்தல். சோடியம் ஐதராக்சைடு அல்லது சுண்ணாம்பு சேர்த்துச் சேற்றின் பிஎச் மதிப்பை 10-க்கு மேல் நிறுத்தி வைப்பார்கள். பிஎச் 7 அளவில் கரைந்துள்ள சல்பைடில் ஏறத்தாழப் பாதி வாயு வடிவில் இருக்கும். பிஎச் 10-க்கு மேல் போனால் அது கிட்டத்தட்ட முழுவதும் அயனியாக மாறி நீரில் தங்கிவிடும்.

ஆயினும் இது உண்மையான நீக்கம் ஆகாது. வாயு சேற்றுக்குள் ஒளித்து வைக்கப்படுகிறது, அவ்வளவே. கார்பன் டை ஆக்சைடு போன்ற அமில வாயு கலந்து பிஎச் இறங்கினால், கரைந்திருந்த சல்பைடு முழுவதும் மீண்டும் வாயுவாகி மேலே வரும். எனவே இரண்டாவது முறையாகப் பிடிப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. துத்தநாக ஆக்சைடு, துத்தநாகக் கார்பனேட்டு, இரும்பு ஆக்சைடு ஆகியவை பொதுவாகப் பயன்படும் பிடிப்பான்கள். இவற்றுள் ஒன்றின் வினை வருமாறு:

துத்தநாக ஆக்சைடு + ஐதரசன் சல்பைடு → துத்தநாக சல்பைடு + நீர்

துத்தநாக சல்பைடு நீரில் கரையாத திண்மம். கார நிலையிலுள்ள சேற்றில் அது எளிதில் பழைய வாயுவாகத் திரும்புவதில்லை. காரம் தற்காலிகத் தடுப்பு, பிடிப்பான் நிலையான தடுப்பு என்று இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூறலாம். சேற்றுடன் மேலே வந்துவிட்ட வாயு, வாயுப் பிரிப்பானில் பிரிக்கப்பட்டு, தொலைவில் உள்ள எரிகம்பத்தில் எரிக்கப்படுகிறது.

பழைய கிணறுகளைச் செப்பனிடும்போது மற்றோர் ஆபத்து உண்டு. இரும்புக் குழாய்களின் உட்புறத்தில் நாளடைவில் இரும்பு சல்பைடு படிந்திருக்கும். பாறைத் துளைகளைத் திறப்பதற்காகக் கிணற்றில் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினால், கிப் கருவியில் நிகழும் அதே வினை கிணற்றுக்குள் பேரளவில் நிகழும். அதனால் அமிலத்துடன் பிடிப்பான்களையும் சேர்த்துச் செலுத்துவதும், திரும்பி வரும் நீர்மத்தைக் கண்காணிப்பதும் தேவையாகின்றன.

உற்பத்தியின்போது சிறிய அளவுகளை நீக்குதல்

உற்பத்தி தொடங்கிய பின்னர் எந்த முறையைத் தெரிவு செய்வது என்பதை நாளொன்றுக்கு எவ்வளவு கந்தகம் வருகிறது என்பதே முடிவு செய்கிறது.

சிறிய அளவுகளுக்கு டிரையசின் என்னும் நீர்ம வேதிப்பொருள் உலகெங்கும் பயன்படுகிறது. எத்தனால் அமீனையும் பார்மால்டிகைடையும் வினைபுரியச் செய்து இது தயாரிக்கப்படுகிறது. இதனைக் குழாயில் நேரடியாகத் தெளிக்கலாம்; அல்லது ஒரு கோபுரத்தில் நிரப்பி அதன் வழியே எரிவாயுவைக் குமிழிகளாக அனுப்பலாம். ஒரு டிரையசின் மூலக்கூறு நடைமுறையில் இரண்டு ஐதரசன் சல்பைடு மூலக்கூறுகளைப் பிடித்து டைதையசின் என்னும் பொருளாக மாறுகிறது. இதை மீளப் பயன்படுத்த முடியாது. தீர்ந்ததும் புதிதாக வாங்கியே ஊற்ற வேண்டும். அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்ட கரைசலில் டைதையசின் திண்மமாகப் படிந்து குழாய்களை அடைத்துவிடுவதும் உண்டு.

ஓர் எளிய கணக்கு இதன் எல்லையைக் காட்டும். நாளொன்றுக்கு 1 இலட்சம் கனமீட்டர் எரிவாயு தரும் கிணறு ஒன்றில் 100 பிபிஎம் ஐதரசன் சல்பைடு இருப்பதாகக் கொள்வோம். அதன் கன அளவு 10 கனமீட்டர். எடை ஏறத்தாழ 14.4 கிலோகிராம். மூலக்கூற்று எடைகளின்படி 1 கிலோகிராம் ஐதரசன் சல்பைடுக்கு ஏறத்தாழ 3.2 கிலோகிராம் தூய டிரையசின் தேவை. ஆக, நாளொன்றுக்கு 46 கிலோகிராம் போதும். அதே கிணற்றில் செறிவு 1 விழுக்காடாக இருந்தால், ஐதரசன் சல்பைடு 1440 கிலோகிராமாகவும், தேவையான டிரையசின் 4.6 டன்னாகவும் உயர்கின்றன. ஒவ்வொரு நாளும் இவ்வளவு வேதிப்பொருளை வாங்கிக் கழிவாக்குவது கட்டுப்படியாகாது.

திண்மப் படுகைகள் இதைவிடப் பழமையான முறை. மரச்சீவல்களில் நீரேறிய இரும்பு ஆக்சைடைப் படியச் செய்து, அவற்றின் வழியே எரிவாயுவை அனுப்புவார்கள். இது இரும்புப் பஞ்சு எனப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு அனுப்பப்பட்ட நிலக்கரி வாயுவும் இரும்பு ஆக்சைடாலேயே தூய்மையாக்கப்பட்டது. வினையில் இரும்பு சல்பைடு உண்டாகிறது. காற்றைச் செலுத்தினால் இரும்பு சல்பைடு மீண்டும் ஆக்சைடாகிக் கந்தகம் தனியே படியும். அப்போது வெப்பம் மிகுதியாக வெளிப்படுவதால், பயன்படுத்திய சீவல்கள் உலர்ந்த நிலையில் காற்றுப் பட்டால் தாமாகவே தீப்பற்றக்கூடும். அதனால் அவற்றை ஈரமாக வைத்தே வெளியே எடுப்பார்கள்.

இடைநிலை அளவுகளுக்கு நீர்ம ஆக்சிசனேற்ற முறைகள் உள்ளன. இரும்பு அயனிகள் கொடுக்கிணைப்புச் சேர்மமாகக் கரைந்துள்ள கரைசல் ஐதரசன் சல்பைடை நேரடியாகக் கந்தகத் துகளாக மாற்றுகிறது. பின்னர் அக்கரைசலில் காற்றைச் செலுத்தினால் இரும்பு தன் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் வேலை செய்யும். இங்கிலாந்தின் சுட்ரெட்போர்டில் உருவான இதையொத்த பழைய முறையில் வனேடியம் உப்புகள் பயன்பட்டன.

அமீன் முறை

பெரிய அளவுகளுக்கு உலகெங்கும் பயன்படுவது அமீன் முறை. அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் ரோசர் பாட்டம்சு 1930-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமீன்கள் அம்மோனியாவிலிருந்து வருவிக்கப்படும் காரத்தன்மை கொண்ட கரிமச் சேர்மங்கள். அவை குளிர்ந்த நிலையில் அமில வாயுக்களைப் பற்றிக்கொள்கின்றன, சூடேற்றினால் விட்டுவிடுகின்றன. முறை முழுவதும் இந்த ஓர் இயல்பின் மீதே அமைந்துள்ளது.

உறிஞ்சு கோபுரத்தில் புளிப்பு எரிவாயு கீழிருந்து மேலாகவும், அமீன் கரைசல் மேலிருந்து கீழாகவும் செல்கின்றன. ஏறத்தாழ 40 பாகை செல்சியசில், உயர் அழுத்தத்தில் கரைசல் ஐதரசன் சல்பைடையும் கார்பன் டை ஆக்சைடையும் பற்றிக்கொள்கிறது. கோபுரத்தின் உச்சியில் இனிப்பு எரிவாயு வெளியேறுகிறது. வாயுக்களை ஏற்றுக்கொண்ட கரைசல் மீளாக்கக் கோபுரத்திற்குச் சென்று, குறைந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடேற்றப்படுகிறது. அங்கே வாயுக்கள் பிரிந்து மேலே செல்ல, கரைசல் குளிர்விக்கப்பட்டு மீண்டும் முதற் கோபுரத்திற்குத் திரும்புகிறது. ஒரே கரைசல் மீண்டும் மீண்டும் சுற்றி வருவதால் டிரையசின் முறையில் உள்ள செலவுச் சிக்கல் இங்கே எழுவதில்லை.

தொடக்கத்தில் மோனோ எத்தனால் அமீனும் பின்னர் டை எத்தனால் அமீனும் பயன்பட்டன. இன்று மெத்தில் டை எத்தனால் அமீன் பெரிதும் விரும்பப்படுகிறது. மூவிணைய அமீனாகிய இது கார்பன் டை ஆக்சைடுடன் நேரடியாக வினைபுரிவதில்லை. எனவே ஐதரசன் சல்பைடை விரைவாகவும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாகவும் பற்றுகிறது. கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் நீக்கத் தேவையில்லாத இடங்களில் இது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

வட அமெரிக்கக் குழாய்வழிகளில் எரிவாயுவை விற்பதற்கு ஐதரசன் சல்பைடு ஏறத்தாழ 4 பிபிஎம் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள வரையறை. 15 விழுக்காடு என்பது 1,50,000 பிபிஎம். அதை 4 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதிலிருந்து இப்பணியின் கடுமையை உணரலாம்.

இந்தியாவில் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள பசீன் வயலின் புளிப்பு எரிவாயு, கடலடிக் குழாய் வழியாகக் குசராத்து மாநிலத்தின் ஹசிராவுக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்குள்ள எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் ஆலையில் அது இனிப்பாக்கப்பட்டு, கந்தகமும் மீட்கப்படுகிறது. ஹசிரா–விசய்ப்பூர்–சகதீசுப்பூர் குழாய்வழி இங்கிருந்தே தொடங்குகிறது.

பிரித்த வாயுவைக் கந்தகமாக்குதல்

அமீன் ஆலையின் மீளாக்கக் கோபுரத்திலிருந்து வெளிவரும் வாயு முன்னைவிடப் பன்மடங்கு செறிவானது. இனிப்பாக்கல் நஞ்சை அழிப்பதில்லை. பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டுகிறது. அடுத்த படி சரியாக நடக்காவிட்டால், எரிவாயுவைத் தூய்மையாக்கிய ஆலையே ஊருக்கு எமனாகிவிடும்.

மெக்சிகோவின் போசா ரிக்கா நகரில் 1950 நவம்பர் 24 அன்று விடியற்காலையில் இதுவே நடந்தது. புதிதாக இயங்கத் தொடங்கியிருந்த கந்தக மீட்பு ஆலையில், எரிக்கப்பட வேண்டிய வாயு எரியாமல் வெளியேறியது. காற்று வீசவில்லை, நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றடுக்கு வாயுவை மேலேற விடவில்லை. ஏறத்தாழ அரை மணி நேரத்திற்குள் பலர் தம் வீடுகளில் மயங்கி விழுந்தனர். 22 பேர் இறந்தனர். 320 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

திரட்டிய வாயுவைக் கந்தகமாக மாற்றப் பயன்படுவது கிளாசு முறை. வேதியியலாளர் கார்ல் பிரீட்ரிக் கிளாசு 1883-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் செருமனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனம் இதை இன்றைய வடிவத்திற்கு மாற்றியமைத்தது. இது இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் ஐதரசன் சல்பைடின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உலையில் எரிக்கப்பட்டுக் கந்தக டை ஆக்சைடாக்கப்படுகிறது. பின்னர் அலுமினா வினையூக்கியின் முன்னிலையில் அது மீதமுள்ள இரண்டு பங்குடன் வினைபுரிகிறது.

2 ஐதரசன் சல்பைடு + கந்தக டை ஆக்சைடு → 3 கந்தகம் + 2 நீர்

இரண்டு அல்லது மூன்று வினையூக்கிப் படிகளில் 94 முதல் 97 விழுக்காடு வரை கந்தகம் மீட்கப்படுகிறது. எஞ்சியதை மீண்டும் ஐதரசன் சல்பைடாக மாற்றி, மற்றோர் அமீன் கோபுரத்தின் வழியே அனுப்பினால் மீட்பு 99.8 விழுக்காட்டையும் தாண்டும்.

முன்னர்க் கூறிய கணக்கில் செறிவு லாக் வயலில் உள்ளது போல 15 விழுக்காடாக இருந்தால், அந்த ஒரு கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 டன் கந்தகம் கிடைக்கும். உருகிய நிலையில் வரும் இம்மஞ்சள் பொருள் பெரும்பாலும் கந்தக அமிலமாகிப் பாசுப்பேட்டு உரத் தொழிலுக்குச் செல்கிறது. உலகில் இன்று கிடைக்கும் தனிமக் கந்தகத்தின் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயுத் தூய்மையாக்கலின் துணைப்பொருளே. அமெரிக்காவில் வெந்நீர் செலுத்திக் கந்தகத்தை உருக்கி எடுத்த கடைசிச் சுரங்கம் 2000-ஆம் ஆண்டு மூடப்பட்டது.

அபுதாபியின் சா வயலின் கந்தகம் தொடர்வண்டி மூலம் ருவைசு துறைமுகத்திற்குச் செல்கிறது. வாங்குவோர் இல்லாதபோது கந்தகம் சுமையாகிறது. கசக்குசுத்தானின் தெங்கிசு வயலில் பல இலட்சம் டன் கந்தகம் திறந்தவெளியில் பாளங்களாக அடுக்கப்பட்டிருந்தது. அதற்காக அந்நாட்டு அரசு 2007-இல் நிறுவனத்திற்குத் தண்டம் விதித்தது.

நிலத்தடிக்குத் திருப்பி அனுப்புதல்

கந்தகத்திற்குச் சந்தை இல்லாத இடங்களில், பிரித்த அமில வாயுவை அழுத்தி, ஆழமான உப்புநீர்ப் பாறையிலோ வற்றிய வயலிலோ செலுத்திவிடுவர். மேற்குக் கனடாவில் இதன் முதல் நிலையம் 1989-இல் எட்மண்டன் நகருக்கு அருகே இயங்கத் தொடங்கியது. தெங்கிசு வயலில் புளிப்பு வாயுவின் ஒரு பகுதி எண்ணெய்ப் பாறைக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இதனால் எண்ணெய் உற்பத்தியும் கூடுகிறது. ஆனால் உயர் அழுத்தத்தில் நச்சு வாயுவைக் கையாளும் அழுத்திகளும் குழாய்களும் கசியாமல் இருக்க வேண்டும்.

எஃகு வெடித்தல்

ஐதரசன் சல்பைடு ஈரப்பதத்துடன் எஃகைத் தொடும்போது ஐதரசன் அணுக்கள் விடுபட்டு எஃகுக்குள் ஊடுருவுகின்றன. இழுவிசைக்கு உட்பட்ட கடினமான எஃகு முன்னறிவிப்பின்றி வெடிக்கிறது. இது சல்பைடுத் தகைவு வெடிப்பு எனப்படுகிறது. வலிமையான எஃகே விரைவில் வெடிப்பது இதிலுள்ள விந்தை. எனவே 1975-இல் முதன்முதலாக வெளியான அமெரிக்கத் தரநிலை, சாதாரண எஃகின் கடினத்தன்மையை ராக்வெல் அளவுகோலில் 22-க்கு மேற்படாமல் வரையறுத்தது. பின்னர் அது பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

லாக் வயல் 1951-இல் கண்டறியப்பட்டபோது இருந்த குழாய்கள் இவ்வாயுவைத் தாங்கவில்லை. புதிய வகை எஃகு உருவாக்கப்பட்ட பின்னரே 1957-இல் உற்பத்தி தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. காசுப்பியன் கடலின் கசகான் வயல் 2013 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிச் சில வாரங்களிலேயே குழாய்வெடிப்பால் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் மாற்றப்பட்டு, 2016-இலேயே உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

நேர்ச்சிகளும் பாதுகாப்பும்

கிணறு கட்டுப்பாட்டை மீறிப் பீறிடும்போது மேற்கூறிய கோபுரங்களும் கரைசல்களும் உதவுவதில்லை. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே நீக்கும் முறை தீ வைத்தல். எரிந்தால் உண்டாகும் கந்தக டை ஆக்சைடும் நச்சு வாயுதான். ஆயினும் தீயின் வெப்பத்தால் அது உயரே எழுந்து கலைந்துவிடும். ஐதரசன் சல்பைடைப் போல நிலத்தை ஒட்டிப் பரவாது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லாட்ச்போல் அருகே 1982 அக்டோபர் 17 அன்று பீறிட்ட புளிப்பு எரிவாயுக் கிணறு 67 நாட்கள் அடங்கவில்லை. கட்டுப்படுத்த முயன்றவர்களுள் இருவர் இறந்தனர். இதன் பின்னர் அம்மாகாணத்தில், கிணற்றுக்கு எந்நிலையில் தீ வைக்க வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே திட்டமிடும் விதிகள் வலுப்பெற்றன.

சீனாவின் சோங்சிங் பகுதியில் கை வட்டத்தின் காவ்சியாவ் ஊருக்கு அருகே 2003 டிசம்பர் 23 இரவு ஓர் எரிவாயுக் கிணறு பீறிட்டது. துளையிடு குழாயை மேலே இழுக்கும்போது போதிய சேறு நிரப்பப்படவில்லை என்பதும், குழாயில் இருக்க வேண்டிய தடுப்பிதழ் அகற்றப்பட்டிருந்தது என்பதும் விசாரணையில் தெரியவந்தன. கிணற்றுக்கு மறுநாளே தீ வைக்கப்பட்டது. அதற்குள் வாயு மலைப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்களில் பரவிவிட்டது. 243 பேர் இறந்தனர். 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் கிணற்றில் வேலை செய்தவர்கள் அல்லர். அருகில் வாழ்ந்த உழவர் குடும்பத்தினர்.

அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் ஒடெசா நகருக்கு அருகே 2019 அக்டோபர் 26 அன்று நேர்ந்தது வேறு வகை. எண்ணெய் வயலில் நீரை உட்செலுத்தும் எக்கி நிலையம் ஒன்றில் பழுது பார்க்கச் சென்ற தொழிலாளி வாயு தாக்கி இறந்தார். அவர் வீடு திரும்பாததால் தேடி வந்த மனைவியும் இறந்தார். தொழிலாளி தம் உளவிக் கருவியை அணிந்திருக்கவில்லை என்பதும், நிலையத்தின் எச்சரிக்கை அமைப்பு வேலை செய்யவில்லை என்பதும் விசாரணையில் கண்டறியப்பட்டன. வாயு வந்தது பெருங்கிணற்றிலிருந்து அன்று. நீரில் கரைந்திருந்த சல்பைடிலிருந்தே.

இத்தகைய நிகழ்வுகளின் அடிப்படையில் புளிப்பு வயல்களில் பின்வரும் நடைமுறைகள் பின்பற்றப்படுகின்றன.

- ஒவ்வொருவரும் 10 பிபிஎம் அளவில் ஒலிக்கும் உளவிக் கருவியை மூச்சு விடும் இடத்திற்கு அருகே, சட்டைக் கழுத்துப் பகுதியில் அணிதல்.
- எங்கிருந்தும் தெரியும்படி காற்றுத்திசைப் பைகளை உயரே கட்டுதல்.
- எச்சரிக்கை ஒலித்தால் காற்றுக்கு எதிர்த்திசையிலோ குறுக்குத் திசையிலோ மேடான இடத்திற்குச் செல்லுதல்.
- தொட்டிகளின் மூடியைத் திறக்கும்போதும் மூடிய அறைகளில் நுழையும்போதும் முன்கூட்டியே அளவிடுதல்.
- சுற்றியுள்ள ஊர்மக்களுக்கு எச்சரிக்கை ஒலியின் பொருளையும் வெளியேறும் வழியையும் கற்பித்தல்.

வடிகட்டி பொருத்திய சாதாரண முகமூடிகள் மிகைச் செறிவில் பயன்தருவதில்லை. காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவியே தேவை. விழுந்தவரைக் காப்பாற்ற அக்கருவி இல்லாமல் ஓடுபவர் இரண்டாவதாக விழுகிறார். அவரைத் தூக்கச் செல்பவர் மூன்றாவதாக விழுகிறார். புளிப்பு வயல்களில் மட்டுமன்றி, இதே வாயு தேங்கும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் ஒருவர் பின் ஒருவராகப் பலர் இறப்பது இவ்வாறே. முதலில் தம் மூச்சுக்கான காற்றை உறுதி செய்துகொண்டு, பின்னரே மற்றவரை மீட்கச் செல்ல வேண்டும் என்பது இத்தொழிலில் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே கற்பிக்கப்படும் விதியாகும்.